ரெண்டு பூட்டு சபீனா

முந்நூற்று எண்பத்தாறு. இந்த எண்ணை மறக்க வேண்டாம். எங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் காலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அத்தனை பேர். அவர்கள் உள்ளே வரவும் வெளியே போகவும் இருந்தது ஒரே ஒரு இரும்புக் கம்பிக் கதவு. அந்தக் கதவைத் திறந்து மூடியவள் சபீனா யராங்கா.

லிமா நகரத்தின் ஓரத்தில், மண்மலையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிய குடியிருப்பு எங்களுடையது. யாரும் எங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. பாயும் கம்புமாக வந்து உட்கார்ந்தோம். பிறகு சண்டை போட்டுத் தண்ணீர், சண்டை போட்டு மின்சாரம், சண்டை போட்டுப் பள்ளிக்கூடம். அரசாங்கம் வகுப்பறைகளைக் கட்டியது, மதில் எங்கள் தலையில் விழுந்தது. மதிலையும் கதவுத் தூண்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கட்டினோம். வீட்டுக்கு ஓர் ஆள், வராவிட்டால் அபராதம். அந்தத் தூண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சபீனா அயகுச்சோ மலையிலிருந்து சிறுமியாக வந்தவள். அங்கே ராணுவம் ஒரு பக்கம் சுட்டது, புரட்சிக் கட்சிக்காரர்கள் மறு பக்கம் சுட்டார்கள், நடுவில் இருந்தவர்கள் லிமாவுக்கு ஓடி வந்தார்கள். பணக்கார வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். பிறகு தள்ளுவண்டி வைத்து, வாற்கோதுமையும் மூலிகையும் கொதித்த பானத்தை விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்தில் விற்றாள். புருஷன் சிலிக்குச் சுரங்க வேலைக்குப் போனான். போனவன் போனவன்தான். மகள் யாமிலேவுக்கு இழுப்பு நோய், குளிர்காலப் பனியில் நெஞ்சு விசிலடிக்கும். மகளை நெருக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் அவள் படிக்கும் பள்ளியிலேயே வாசற்காவல் வேலைக்கு வந்தாள். சம்பளம் பெற்றோர் சங்கம் கொடுப்பது, சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

வாய் மட்டும் நீளம். தாமதமாக வரும் பையனைக் கம்பிக்கு வெளியிலேயே நிறுத்தி, "என்ன துரை, படுக்கை விடமாட்டேன்னு அழுதுச்சா?" என்பாள். பையன் சிரித்தால் திறந்துவிடுவாள், முறைத்தால் கொஞ்ச நேரம் நிற்க வைப்பாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் காணவில்லை. ஜன்னல் கம்பி அறுபடவில்லை, கதவு உடையவில்லை. அப்படியென்றால் சாவி. சாவி யாரிடம்? போலீஸ் வந்து சபீனாவின் மெத்தையைக் கிழித்துப் பார்த்தது. பஞ்சுதான் இருந்தது. ஆனாலும் பேச்சு அடங்கவில்லை. சந்தையில் மீன்காரி எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "புதுச் செருப்பா சபீனா? கம்ப்யூட்டர் கொடுத்த செருப்பா?"

சபீனா அன்றைக்கு மீன் வாங்காமல் திரும்பினாள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவளாகவே எழுந்தாள்.

"இன்னொரு பூட்டு போடுங்க. அதோட சாவி என்கிட்ட வேணாம். தோன் ரோமுலோ வச்சுக்கட்டும். ரெண்டு பேரும் வந்தாத்தான் கதவு திறக்கும்னு ஆகட்டும். அப்புறம் எவளாவது என் செருப்பப் பாத்துப் பேசட்டும், பாப்போம்."

தோன் ரோமுலோ சங்கத் தலைவர், சந்தையில் பழரசக் கடைக்காரர், மரியாதையான மனிதர், 'தோன்' என்று அழைப்பதே அதனால்தான். சரி என்றார். கூட்டம் கைதட்டியது. கை தூக்காதவர் ஒருவரும் இல்லை. நல்ல பூட்டாக, பெரியதாக, மஞ்சள் நிறத்தில் வாங்கினோம். எங்கள் சங்கம் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான். அன்றிலிருந்து அவளுக்கு 'ரெண்டு பூட்டு சபீனா' என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலையில் ரோமுலோ மேடேறி வருவார். இருவரும் திறப்பார்கள். மணி அடித்ததும் இருவரும் பூட்டுவார்கள். அவர் கடைக்கு இறங்கிப் போவார். மதியம் மறுபடி வருவார். நடுவில் அந்தக் கதவு யாருக்கும் கிடையாது. பாடப்புத்தகம் மறந்த பிள்ளைக்கு அம்மாக்காரி கம்பி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

இனி பயிற்சியைப் பற்றி. லிமாக்காரனுக்கு நிலம் நடுங்கும் என்ற பயம் பிறவியிலேயே உண்டு. அதனால் எல்லாப் பள்ளியிலும் பயிற்சி நடக்கும். நீண்ட விசில் ஊதினால் பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வர வேண்டும். அங்கே தரையில், பாதுகாப்பான இடம் என்பதற்கு அடையாளமாக, எஸ் என்று எழுதிய பெரிய வட்டம். அதற்குள் வரிசையாக நிற்க வேண்டும். சொல்லும்வரை அசையக் கூடாது. துணைத் தலைமையாசிரியர் லியோன்சியோதான் பொறுப்பு. எங்கள் பிள்ளைகள் வட்டாரத்திலேயே ஒழுங்கானவர்கள் என்று பாராட்டுப் பத்திரம் வாங்கியவர்கள். எல்லாம் நிலநடுக்கத்துக்கு. தீக்கென்று ஒரு பயிற்சியும் கிடையாது. தீயை அணைக்கும் சிவப்பு உருளை ஒன்று இருந்தது. யாரும் திருடிவிடக் கூடாதென்று அதைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

வட்டத்தை ஒட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நுரை மெத்தைப் பட்டறை. நகராட்சி கொடுத்த உரிமத்தில் அது பலசரக்குக் கடை. இது எல்லாருக்கும் தெரியும்.

ஆகஸ்டு மாதம், எங்களுக்குக் குளிர்காலம். பனித்தூறல் மலையை மூடிக்கொண்டு கிடந்தது. பிள்ளைகள் காலைக் கஞ்சி குடித்து வகுப்புக்குப் போன பிறகு, பட்டறையில் யாரோ வெல்டிங் வைத்தார்கள். மதிலுக்கு மேல் கறுப்பாகப் புகை எழும்பியது. லியோன்சியோ விசிலை எடுத்து நீளமாக ஊதினார். அவரிடம் இருந்தது அந்த ஒரு விசில்தான்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே, தலையில் கை வைத்துக்கொண்டு, தீயை ஒட்டியிருந்த வட்டத்துக்குள் வந்து வரிசையாக நின்றார்கள்.

சபீனா வாசலிலிருந்து ஓடினாள். "சார், இது நடுக்கம் இல்ல, தீ. பசங்கள இந்தப் பக்கம் அனுப்புங்க."

"பூட்டின கதவுக்கா அனுப்பச் சொல்ற? வரிசை கலைஞ்சா மிதிபட்டுச் சாவாங்க. முதல்ல நீ போய்த் திற."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் திரும்பி ஓடித் தன் பூட்டைத் திறந்தாள். மஞ்சள் பூட்டு தொங்கியது. பனியில் துருப்பிடிக்கக் கூடாதென்று அவளே அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாள்.

ரோமுலோவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே ஆட்டோவில் வில்ஃப்ரெதோ தூங்கிக்கொண்டிருந்தான்.

"டேய் வில்ஃப்ரெதோ, எந்திரிடா. கீழ போய் ரோமுலோகிட்ட சாவி வாங்கிட்டு வா."

"என்னக்கா, இப்ப சாவியையும் தொலைச்சிட்டியா?"

"தலையத் தூக்கிப் பாருடா."

அவன் பார்த்தான். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்தான்.

குளிர்காலத்தில் எங்கள் காற்று மேலே போகாது. பனி மூடிபோட்டு அமுக்கும். நுரை எரிந்த புகை மதிலைத் தாண்டி முற்றத்தில் இறங்கிப் படுத்தது. முதலில் இருமல். பிறகு அழுகை. ஐந்தாம் வகுப்பு வரிசை உடைந்தது, அதைப் பார்த்து மற்றவையும் உடைந்தன. எல்லாரும் கதவுக்கு வந்தார்கள்.

சபீனா முதுகைக் கதவில் வைத்து நின்றாள். முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் கம்பியில் நசுங்காமல் கைகளை விரித்துத் தள்ளினாள். வெளியே தாய்மார்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி சுத்தியால் பூட்டை அடித்தாள். அடி கைக்குத்தான் வலித்தது, பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் நனைத்த துணிகளைக் கம்பி வழியாக நீட்டினார்கள். கையை உள்ளே விட்டு, யாருடைய பிள்ளையாக இருந்தாலும் கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குள் யாமிலே வந்து சேர்ந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது.

"அம்மா, திறம்மா."

"திறக்குறேன் கண்ணு."

"கையில சாவி இருக்குல்ல. ஏன் திறக்க மாட்டேங்குற?"

சபீனா நனைந்த துணி ஒன்றை வாங்கி மகளின் வாயில் வைத்து அழுத்தினாள்.

வில்ஃப்ரெதோ திரும்பி வந்தான். பின்னால் இன்னும் இரண்டு ஆட்டோக்கள்.

"சாவி எங்கடா?"

"போக முடியலக்கா. தீயணைப்பு வண்டி சந்தைக் கடைகளுக்கு நடுவுல மாட்டி நிக்குது. ஆள் போக வழியில்ல. சாவிய விடு. சங்கிலி இருக்கு, இழுத்துடறோம். பசங்களப் பின்னால தள்ளு."

பின்னால் என்றால் புகை. கதவு பெயர்ந்து விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தொலைந்தார்கள். தள்ளித்தான் ஆக வேண்டும். "பின்னால போங்க, எல்லாரும் பின்னால" என்று அவள் கத்தினாள். பிள்ளைகள் நம்பவில்லை. கம்பியைப் பிடித்த விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். யாமிலே அவள் பாவாடையைப் பிடித்துத் தொங்கினாள். சபீனா மகளின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள், புகைக்குள்.

மூன்று ஆட்டோவும் சேர்ந்து இழுத்தன. பூட்டு அசையவில்லை. தூண் அசைந்தது. தூணிலிருந்து பிடுங்கிக்கொண்டு கதவு வெளியே விழுந்தது. தூணின் மேல்பாதி உடைந்து உள்ளே சரிந்து, சபீனாவின் இடது காலின் மேல் உட்கார்ந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். வழி குறுகல், பாதிப் பேர் அவள் மேல் ஏறித்தான் ஓடினார்கள். "ஓடு, ஓடு" என்று அவள் தரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தூண் ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். உடைந்த இடத்தைக் கையால் தொட்டால் மண்ணாக உதிர்ந்தது. கம்பி மருந்துக்குக்கூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாளி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளியின் சிமெண்ட் எங்கள் வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியிருந்தால் அன்று அந்த முந்நூற்று எண்பத்தாறு பிள்ளைகளையும் புதைத்திருப்போம். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

முதல் வகுப்புக் குழந்தைகள் கதவுக்கு வரவே இல்லை. சொல்லிக்கொடுத்தபடி வட்டத்துக்குள்ளேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அசையலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. லியோன்சியோ திரும்பிப் போய் இரண்டிரண்டு பேராகத் தூக்கி வந்தார். கடைசித் தடவை உள்ளே போனவரை, பிந்தி வந்து சேர்ந்த தீயணைப்புக்காரர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள், அவருக்கு அடியில் ஒரு குழந்தை உயிரோடு இருந்தது. அவர் அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இறந்தார்.

யாமிலே பிழைத்தாள். இப்போது வீட்டுப் படியேறவே இரண்டு இடத்தில் உட்கார வேண்டும்.

ரோமுலோ ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "போன் அடிச்சது கேக்கல சபீனா. மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"தெரியும்ணே."

"ஏதாவது திட்டு."

"பூட்டக் கேட்டவ நானு. உங்கள என்ன திட்டறது?"

கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அரசுச் சொத்தான கதவை உடைக்க யார் உத்தரவு கொடுத்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

கதவில்லாத அந்த ராத்திரிகளில் ஒன்றில் பள்ளியின் புரொஜெக்டரும் காலைக் கஞ்சிக்கான மூட்டைகளும் திருடு போயின. அதனால் கூட்டம் கூட்டினார்கள். சபீனா இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"பகல்ல பூட்டே வேணாம்" என்றாள். "தாழ்ப்பாள் போதும். நாற்காலி போட்டுக் கதவுலயே உக்காந்துக்கறேன். ஒண்ணுக்குக்கூட எந்திரிக்க மாட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அன்னிக்குப் பூட்டு வேணும்னதும் நீதான். இன்னிக்கு வேணாங்கறதும் நீதான்."

மீன்காரிக்கு அது போதவில்லை. "புரொஜெக்டர் எங்க போச்சுன்னு அவளக் கேளுங்க. கட்டை ரெண்டும் புதுசா இருக்கே."

அந்த மீன்காரியின் பேரனும் அன்று அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தான். சபீனா மெதுவாகத் தன் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தீர்மானம் நிறைவேறியது. புதுத் தூண்கள், முழு சிமெண்ட், உள்ளே கம்பி, ஒரு வாளிகூட வெளியே போகாமல் கண்காணிக்க ஒரு குழு. வட்டாரக் காவல் குழுவிடமும் ஒரு சாவி. ரோமுலோ தலையைக் குனிந்துகொண்டு கை தூக்கினார். சபீனாவின் வேலையைப் பறிக்கவில்லை, இரக்கப்பட்டோமாம். இப்போதும் காலையில் அவள்தான் அந்த வாசலில் நிற்கிறாள். தாமதமாக வருகிறவர்களை ஒன்றும் கேட்பதில்லை.

அந்தக் கதவில் இப்போது தொங்கும் பூட்டுகள்: மூன்று.