லெட்டா பூசிய கார்

எங்கள் துறையில் நிற்கும் படகுகளில் எதன் பெயரை லெட்டா ஐஸ்னர் எழுதினாள் என்று எளிதில் சொல்லிவிடலாம். அவள் எழுத்து அழகில் சுமார்தான். ஆனால் மற்றவர்கள் எழுதியது இரண்டு குளிர்காலத்தில் உரிந்துபோகும். அவள் எழுதியது நிற்கும்.

கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் இந்தத் தென்கரையில் காற்றே உப்பு. பள்ளியை முடித்த கையோடு படகுப் பட்டறையில் வண்ணம் பூசச் சேர்ந்தவளுக்கு அங்கே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: இரும்பை வெறுமையாக விடாதே. ஆணியின் தலையானாலும், கொண்டியின் உட்புறமானாலும், யார் கண்ணும் படாத மூலையானாலும் மூன்று பூச்சு. அவள் அதைப் பட்டறையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவள் வீட்டு அஞ்சல்பெட்டிக்கு உள்ளேயும் மூன்று பூச்சு உண்டு. கணவன் பிரிந்து ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்குப் போன வருடம் வேலிக் கம்பிகளையெல்லாம் கழற்றிப் பூசினாள். துக்கத்தினால் செய்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலிக்குப் பூச்சு தேவைப்பட்டது, அவளுக்கு நேரம் இருந்தது.

கார் அதற்கப்புறம் வந்தது. ஊர் மருந்துக்கடைக்காரர் இறந்து, அவர் பிள்ளைகள் கொட்டிலைக் காலி செய்தபோது வைக்கோலுக்குப் பின்னால் ஒரு பச்சை எம்.ஜி. கிடந்தது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. தரைத்தகட்டின் ஓட்டைகள் வழியாகக் கீழே இருக்கும் புல்லைப் பார்க்கலாம். யாருக்கும் வேண்டாத அதை லெட்டா இழுத்துவந்து, தம்பி லோவெலின் கொட்டகையில் நிறுத்தினாள். லோவெல் சிங்க இறால் பிடிப்பவன். நவம்பர் கடைசியில் அவன் கூண்டுகள் கடலுக்குப் போகும், மே முடிவில் கரைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் காலியாகக் கிடக்கும் கொட்டகை அவளுக்கு.

என் வீடு அதற்கு நேர் எதிரே இருப்பதால் எனக்கு எல்லாம் தெரியும். தகடு வெட்டினாள், பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள், கெடுத்தாள், வெட்டி எறிந்துவிட்டு மறுபடி வைத்தாள். போன அக்டோபரில் அந்தக் கார் புகைந்து இருமிக்கொண்டு ஓடவே செய்தது. அதற்குப் பிறகுதான் அவள் இன்ஜினை வெளியே எடுத்து, அது உட்காரும் குழி முழுவதையும் பளபளவென்று பூசி, திரும்ப இறக்கினாள்.

அந்தக் குளிர்காலத்தில் தீயணைப்பு நிலையத்து விருந்தில், மீன் அடையும் பீன்ஸும் தின்றுகொண்டிருந்த லோவெல் ஊர் முன்னால் வாயை விட்டான்.

"லெட்டா காருக்குப் பெயிண்ட் அடிச்சே சாவா. ஓட்ட மாட்டா."

"இந்தக் கூண்டு கரையேறுற நாளுக்குள்ள ஓடலேன்னா வித்துடறேன். போதுமா?" என்றாள்.

பக்கத்து ஊர் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து வந்திருந்த ஒருவர், தான் வாங்கிக்கொள்வதாக அப்போதே கை தூக்கினார். அவள் அவருக்கே கை கொடுத்தாள். அவள் அவசரப்பட்டாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கொடுத்த கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. அவளுக்கு அறவே கிடையாது.

மே மாதம் வந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு சின்ன 'டக்'. விளக்கு மங்கும். அவ்வளவுதான். புது பேட்டரி போட்டாள். அதே 'டக்'. இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டரைக் கழற்றி மேசையில் வைத்து, பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தாள். மேசையிலிருந்து துள்ளி விழும் வேகத்தில் சுற்றியது. திரும்ப மாட்டினாள். 'டக்'. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாக, சுத்தமாக இருந்தன.

கூண்டுகள் கரையேறும் நாளும் வந்தது. பனிமூட்டம் விலகாத காலையில் லோவெல் முதல் சுமையைக் கொட்டகை வாசலில் இறக்கினான்.

"இன்னுமா? அந்தாளு மதியத்துக்குள்ள வர்றேன்னு போன் பண்ணிட்டாரு. ட்ரெய்லரோட."

"வரட்டும்."

"நான் வேணா தள்ளிவிடவா?"

"தள்ளினா ஓடறது கணக்கில்ல. வாசல விட்டு நகரு, வெளிச்சம் மறைக்குது."

"போன அக்டோபர்ல ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சு. அப்புறம் நான் கைய வெச்சேன். அதனால தப்பு நான் வெச்ச கையிலதான் இருக்கு. வெளிய எங்கயும் இல்ல."

"அப்ப கையவே வெக்காம இருந்திருக்கணும்."

"நீ மொதல்ல உன் கூண்ட எண்ணு."

அவள் காருக்குள் உட்கார்ந்தாள். குளிர் இருந்ததால் இடது கையால் சோக் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். விடாமல் திருப்பியே வைத்திருந்தாள். திடீரென்று கையை உதறினாள்.

"என்னாச்சு?" என்றேன். நான் கதவோரம் காபியோடு நின்றிருந்தேன்.

"சுடுது."

"எது?"

"சோக்கு. நீங்க தொட்டுப் பாருங்க."

தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய கரண்டியின் காம்பு போல இருந்தது.

அவள் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோவெல் இரண்டு கூண்டுகளை உள்ளே வைத்துவிட்டுப் போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு யாருக்கும் சொல்லாத குரலில் சொன்னாள்:

"அதுக்கு கரண்ட் வயரே கிடையாது. வெறும் இழுக்கற கம்பி. இங்கேருந்து இன்ஜினுக்குப் போகுது. அதுல ஏன் கரண்ட் வரணும்?"

"நீயே சொல்லு."

"வேற வழி இல்லாததால. ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பணும். இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, அது வழியா வராது. அதுக்குன்னு ஒரு எர்த் பட்டை இருக்கு, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல. அத நான்தான் மாட்டினேன். நல்லா இறுக்கினேன்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "நல்லா பூசின எடத்துல இறுக்கினேன்."

படகில் பூச்சு கடலைத் தடுத்து நிறுத்துகிறது. அதே பூச்சு மின்சாரத்தையும் நிறுத்தும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்கள் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சந்தேகத்தைச் சோதிக்க ஜம்பர் கேபிளை எடுத்தாள். ஒரு கவ்வியை இன்ஜினில் தேய்ந்த ஒரு போல்ட் தலையில் மாட்டினாள். மறு கவ்வியைக் காரின் உடம்பில் எங்காவது வெறும் இரும்பில் கடிக்க வைக்க வேண்டும். தேடினாள். முன்னால் தேடினாள், சக்கரத்துக்கு மேலே கைவிட்டுத் தேடினாள், படுத்துக்கொண்டு அடியில் தேடினாள். இல்லை. டாஷ்போர்டு ஒன்றைத்தான் அவள் இன்னும் பிரித்துப் பூசவில்லை. கேபிள் அங்கே எட்டாது. கம்பி தொடும் இரும்பு அங்கே மட்டும் வெறுமையாக இருந்ததால்தான் அந்தப் பாவப்பட்ட சோக் கம்பி மாட்டிக்கொண்டது.

லோவெல் கூண்டைத் தோளில் வைத்தபடி நின்றுவிட்டான். "என்ன தேடறே?"

"துரு."

"துருவா? உன் கார்லயா? ஆஷ்ட்ரேக்கு அடியிலகூட அடிச்சிருப்பியே."

"அடிச்சிருக்கேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சுரண்டியைக் கையில் எடுத்து, எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினாள். அடியில் அவள் பூச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. போல்ட் அழுத்தியும் கீறல் விழவில்லை. அது நல்ல பூச்சுதான். அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். சுரண்டியின் முனையை அதன்மேல் வைத்தவள் ஒரு கணம் அழுத்தாமல் நின்றாள். அடுத்தவர் செய்த வேலையை எத்தனையோ முறை சுரண்டி எறிந்திருக்கிறாள். தன்னுடையதைச் சுரண்டியதில்லை.

அழுத்தினாள். பச்சை போயிற்று, அதன் கீழே சாம்பல், அதன் கீழே செம்மண் நிறம். பிறகு இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு சில்லறைக் காசளவு போதும் என்றேன். அவள் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டையை வைத்து இறுக்கி, மேலே கிரீஸை அப்பினாள்.

"பூச மாட்டியா அதுமேல?" என்றான் லோவெல்.

"மாட்டேன். வருஷா வருஷம் கழட்டித் தேய்ப்பேன்."

பாதையின் முனையில் ஒரு பிக்கப் திரும்பும் சத்தம் கேட்டது. பின்னால் ட்ரெய்லர் கடகடத்தது. லெட்டா அவசரப்படவில்லை. துணியில் கையைத் துடைத்தாள், உட்கார்ந்தாள், சோக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் சுற்றியது. சுற்றியது, தும்மியது, நின்றது. மறுபடி திருப்பினாள். இம்முறை நாலு சிலிண்டரில் மூன்றேனும் பிடித்திருக்க வேண்டும். கொட்டகை நீலப் புகையால் நிறைந்தது. லோவெல் கூண்டைப் போட்டுவிட்டு வாசலை விட்டு ஓடினான். அவள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், இருமல் ஒரு சீரான உறுமலாகும் வரை பிடித்துவைத்திருந்தாள். பிறகு ரிவர்ஸில் போட்டு, அடுக்கிய கூண்டுகளுக்கு நடுவே, ஒன்றையும் இடிக்காமல், வெளியே வந்தாள். பிக்கப்புக்குப் பக்கமாகப் போகையில் தலையை ஒருமுறை அசைத்தாள். கடற்கரைச் சாலையில் திரும்பினாள்.

பிரிட்ஜ்வாட்டர்காரர் இறங்கி நின்று அந்தத் திசையையே பார்த்தார். "அதுதானே நான் எடுத்துட்டுப் போகவேண்டிய காரு?"

"அதேதான்," என்றான் லோவெல்.

"எங்க போறாங்க?"

"சொல்லல. கேக்கறதுக்குள்ள போயிட்டா." அவன் ட்ரெய்லரைச் சுற்றி வந்து, அதன் பலகையைக் கையால் தட்டிப் பார்த்தான். "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. இது சும்மாதானே நிக்குது? துறைல இன்னும் பாதிக் கூண்டு கெடக்கு."