திருகோணமலைக்குப் போய் வந்த ஓட்டோ

அக்கா குவைத்திலிருந்து வந்து இரண்டு கிழமையாகியும் அவள் பெற்ற பிள்ளை அவளுக்குக் கிட்டப் போகவில்லை.

பிள்ளைக்கு ஒன்றரை வயதில் அத்தான் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அக்கா வீட்டுவேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். பிள்ளையை ஆரையம்பதியில் நான் வளர்த்தேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியபோது நான் திருத்தியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. போனில் முகம் காட்டும் அக்காவை அவள் ‘குவைத்து அம்மா’ என்பாள். அக்கா அதற்குச் சிரிப்பாள்.

ஏழு வருடங்களுக்குப் பிறகு ஒரு மாத லீவில் வந்திருந்தாள். கொண்டுவந்த சப்பாத்து பிள்ளையின் பாதி காலுக்குத்தான் போனது. ஒரு நாள் காலையில் அக்கா சீப்போடு குசினிக்குள் வந்து நின்றாள்.

“தலை இழுக்க நீதான் வேணுமாம். நான் ஏன் வந்தன்?”

அன்று மத்தியானமே என் கணவரிடம் கேட்டேன். அவர் ஓட்டோ ஓடுகிறவர்.

“பள்ளிக்கூட லீவு முடியிறதுக்குள்ள எல்லாருமா திருகோணமலைக்கு ஒருக்காப் போய் வருவமே?”

“இந்தக் கச்சான் அனல்காத்துக்கையும் வெயிலுக்கையும் ஓட்டோவில அவ்வளவு தூரமா? உனக்கென்ன விசரா?” என்றார். பிறகு டயருக்குக் காற்றடிக்கப் போனார்.

விடியக்காலையில் புறப்பட்டோம். பின்னால் பிள்ளை நடுவில், நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும். வீட்டில் என்றால் அவள் அறைக்குள் ஓடிவிடலாம். இங்கே ஓட இடமில்லை. இருந்தும் ஏறாவூர் தாண்டும்வரை என் மேலேயே சரிந்துகொண்டு வந்தாள்.

வாழைச்சேனை கழிந்து சிறிது தூரத்தில், சொல்ல வாயெடுக்கும் முன்னரே அக்காவின் மடியில் சத்தி எடுத்துவிட்டாள். ஓட்டோவை ஒரு மர நிழலில் நிறுத்தினோம். அக்கா போத்தல் தண்ணீரால் பிள்ளையின் முகத்தைக் கழுவினாள். தன் சட்டையைப் பார்க்கவே இல்லை.

“கோவமா?” என்று பிள்ளை கேட்டாள்.

“கைப்புள்ளையா இருக்கக்குள்ள எத்தின தரம் என்ர மடியில சத்தி எடுத்திருக்காய், தெரியுமா?”

“நான் உங்களிட்டயா இருந்தன்?”

“ஓம். ஒண்டரை வயசு மட்டும்.”

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. தான் எப்போது நடக்கத் தொடங்கினாள், எதற்கு அழுவாள், அப்பா எப்படி இருப்பார். பனிச்சங்கேணிப் பாலத்தில் இறங்கி நின்றபோது, அப்பாவுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டாள். ஆற்றை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடப்பார் என்றாள் அக்கா. நான் அத்தானைப் பற்றிப் பிள்ளையிடம் ஒன்றுமே சொன்னதில்லை. அவரைப் பற்றிச் சொன்னால் நான் யார் என்பதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

திருகோணமலையில் கடல் குளம் போலக் கிடந்தது. தாயும் மகளும் கைபிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர்வரை போனார்கள். நான் கரையில் இரண்டு பேரின் செருப்பையும் வைத்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பிள்ளையின் செருப்பில் இருந்த மணலைத் திரும்பத் திரும்பத் தட்டினேன்.

திரும்பி வரும்போது அவள் அக்காவின் மடியில் தலைவைத்து, என் மடியில் கால்களை நீட்டித் தூங்கினாள். கல்லடிப் பாலத்தில் வண்டி ஏறியபோது கண்விழித்து என்னைப் பார்த்தாள்.

“சின்னம்மா, தண்ணி தாங்க.”

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முறை அதுதான் என்று தானாகவே விளங்கிக்கொண்டாள் போலும். கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் போத்தலை நீட்டினேன். அக்கா வெளியே பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

லீவு முடிந்து அக்கா போன நாளில் பிள்ளை வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதாள். நான் தூக்கியும் ஆறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனுக்கு முன்னால் காத்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடத்தில் அக்கா ஒரேயடியாக வந்து தன்னாமுனையில் வீடெடுத்து, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது பிள்ளையின் உடுப்புகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன்.

“நீதானே அந்தப் பயணம் கேட்டாய்,” என்று கணவர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். குத்திக் காட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

“ஓம், நான்தான்,” என்றேன். இன்றைக்கென்றாலும் அதைத்தான் கேட்பேன்.

போன ஆவணி லீவில் அக்கா மறுபடியும் திருகோணமலைக்குக் கூப்பிட்டாள். எனக்கு முதுகு நோகுது, நீங்க போங்க என்று கணவரோடு அனுப்பிவைத்தேன். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். மத்தியானம் போன் வந்தது. கடல் இரைச்சலுக்குள் பிள்ளையின் குரல்.

“நீங்க ஏன் வரல்ல? நீங்க இல்லாம நல்லாவே இல்ல.”

“அடுத்த முறை வாறன் புள்ள,” என்றேன்.