சித்தி முழுகாமல் இருந்த சித்திரை

சித்திரை வெயிலில் சாக்கடையோரம் தூவிய ப்ளீச்சிங் பவுடரின் நெடி மூக்கில் ஏறுவதற்கு முன்பே கண்ணில் ஏறிவிடும். பள்ளிக்கூடம் விட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தால் சந்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள். கார்டன் ரீச்சில் நாங்கள் குடியிருந்த அந்தச் சந்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது என்றால் எங்கோ ஒரு வீட்டில் யாரோ படுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். என்ன நோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், நாங்கள் காதை நீட்டுவோம், ஒன்றும் விளங்காது.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் கல்கத்தாவில் பிறந்தவள். தமிழ் எனக்கு வீட்டுக்குள் மட்டும் பேசுகிற பாஷை, வாசற்படியைத் தாண்டினால் வங்காளிதான். அதனால் வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது: வாசலில் யார் வந்து என்ன கேட்டாலும் அதைத் தமிழாக்கி உள்ளே சொல்லவேண்டும், உள்ளே சொன்னதை வங்காளியாக்கி வெளியே சொல்லவேண்டும். அந்த உத்தியோகத்தில் எனக்குக் கொள்ளைத் திமிர். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லும் வழக்கமே என்னிடம் இல்லை. இப்போது நினைத்தால் என்னையே நான்கு அறை அறையலாம் போலிருக்கிறது.

அந்தத் தை மாதம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி வடிவு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது. ஊரைவிட்டு அதுவரை தென்காசியைத் தாண்டாதவள். சித்தப்பா காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். சித்திக்கு வங்காளி ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பேசினால் சிரித்துக்கொண்டே நிற்பாள். அவளுக்குப் பேச்சுத் துணை என்று ஒரே ஒரு ஆள், அடுத்த வீட்டு நான்கு வயது டுக்டுகி. அது வங்காளியில் கேட்கும், சித்தி தமிழில் பதில் சொல்வாள், இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்துவிடும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள்: "ஏட்டி கோமு, சித்தி முழுகாம இருக்கா. அவள தண்ணிக் குடம் தூக்க விடாத, கேட்டியா? மூணு மாசம் முடியுறவரை யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. கண்ணு பட்டுரும்."

நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குப் பெரிய குழப்பம். முழுகுவது என்றால் குளிப்பது. அப்படியானால் சித்தி குளிக்காமல் இருக்கிறாள். தினமும் காலையில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதே? சும்மா வாளியைக் கவிழ்த்து ஏமாற்றுகிறாளோ என்றுகூட யோசித்தேன். மூன்று மாதமாக ஒருத்தி குளிக்கவில்லை என்றால் அதை வெளியில் சொன்னால் மானம் போகத்தானே செய்யும், அதனால்தான் அம்மா மூச்சு விடாதே என்கிறாள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அன்றிலிருந்து சித்தி பக்கத்தில் உட்காரும்போது ரகசியமாக மோந்து பார்ப்பேன். சந்தன சோப்பு வாசனைதான் வரும்.

வெள்ளைக் கோடு விழுந்த மூன்றாம் நாள், வார்டு முழுக்க வீடு வீடாகப் போகிற சுகாதார தீதி எங்கள் வாசலுக்கு வந்தாள். தோளில் துணிப்பை, கையில் நீள நோட்டு, காதோரம் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வாசலில் நானும் சித்தியும்தான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா, உடம்பில் தடிப்பு உண்டா என்று தீதி கேட்டாள். இல்லை என்றேன். அடுத்து, "போயாதி கேவு ஆச்சே?" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை, தெருவில் விளையாடும்போதும் காதில் விழுந்ததில்லை. தீதி சித்தியைப் பார்த்துத் தன் வயிற்றின்மேல் லேசாகக் கையை வைத்துக் காட்டினாள். வயிற்றுவலியைக் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது.

சித்தி முகம் சிவந்துவிட்டது. குனிந்து என் காதில், "முழுகாம இருக்கேன்னு சொல்லுட்டி" என்றாள்.

தெருச் சொல் வேண்டாம், மரியாதையாகச் சொல்லுவோம் என்று பள்ளிக்கூட வங்காளியைத் தேடி எடுத்து நான் கணீரென்று சொன்னேன்: "காகிமா ஸ்நான் கோரேனி." சித்தி குளிக்கவில்லை.

தீதி சிரித்துவிட்டாள். "இந்த வெயிலில் உச்சிப்பொழுதுவரை குளிக்காமலா? போய்க் குளிக்கச் சொல்லு. நான் கேட்டது அதில்லை. போயாதி யாரும் இல்லையே?" என்று வங்காளியில் கேட்டாள். இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. நோட்டில் ஏதோ கோடு போட்டாள், எங்கள் கதவில் சாக்பீஸால் ஒரு குறி போட்டாள், போய்விட்டாள்.

எதிர்வீட்டில் மட்டும் அவள் உள்ளே போய்க் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டு மருமகள், நாங்கள் பௌதி என்று கூப்பிடுகிறவள், மூன்று மாதமோ நான்கு மாதமோ பிள்ளைத்தாய்ச்சி. அந்த வாரமே அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "மூணாம் மாசத்துலயே தாய்வீட்டுக்குப் போறாளாம், மாமியாரோட சண்டையா இருக்கும்" என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து டுக்டுகிக்கு உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்தது. காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை, காதுக்குப் பின்னால் கொட்டைப்பாக்கு அளவுக்கு நெறிகட்டியிருந்தது. அவள் அம்மா அதை 'ஹாம்' என்றாள். எங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மணல்வாரிதான், மூணு நாள்ல இறங்கிரும்" என்றாள். சித்தியால் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளை வாடிப்போய்க் கிடக்கிறது என்று எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வேப்பிலைக் கொத்தால் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூன்று நாளும் பெரும்பாலும் அங்கேயேதான் தூங்கியது. டுக்டுகி மூச்சு விடுவது சித்தியின் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

மூன்றாம் நாள் டுக்டுகி எழுந்து ஓடியது. சித்திரை முடிகிற நேரத்தில் சித்தியின் கழுத்திலும் கையிலும் செம்பொடி தெரிந்தது. "வேர்க்குருதான், இந்த ஊர்ப் புழுக்கம் அப்படி" என்று எல்லோரும் சொன்னோம். பவுடர் போட்டாள். இரண்டே நாளில் மறைந்துவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

கார்த்திகையில் மீனு பிறந்தாள். அவ்வளவு அழகு. அழவே அழாது என்று எல்லோரும் மெச்சினார்கள். மறு வருஷம் காளி பூஜையன்று சந்து முழுக்க வெடி. கதவு ஜன்னல் எல்லாம் அதிர்கிறது, பக்கத்துப் பிள்ளைகள் வீறிடுகின்றன, எங்கள் மீனு பாட்டுக்குப் பாயில் தூங்குகிறாள். "எம்புட்டு சமத்து பாத்தியா" என்று அம்மா பெருமைப்பட்டாள். சித்தி மட்டும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துவந்து மீனுவின் தலைமாட்டில் நின்றுகொண்டு தரையில் போட்டாள். நாங்கள் எல்லோரும் துள்ளிவிட்டோம். மீனுவின் இமைகூட அசையவில்லை.

அதற்கப்புறம் டாக்டர்கள், டெஸ்டுகள், பிறவியிலேயே காது நரம்பு போய்விட்டது என்ற பதில். ஏன் என்று கேட்டால் சிலபேருக்கு அப்படித்தான் என்றார்கள். ஊரில் அப்பாவைப் பெற்ற ஆச்சி, கிரகணத்தில் வெளியே போனாயா என்று சித்தியைக் கேட்டாள்.

பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். மாதா மாதம் நாள் கணக்குப் பார்த்துத் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை உண்டானால் அந்தக் குளிப்பு நின்றுவிடும், "அதைத்தாம்ட்டி முழுகாம இருக்கான்னு சொல்லுதது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று தீதி கேட்ட 'போயாதி' பிள்ளைத்தாய்ச்சிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும், தப்பாகச் சொன்னேன், அதனால் என்ன ஆகிவிட்டது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பத்தாம் வகுப்பில் உயிரியல் டீச்சர் இனப்பெருக்கப் பாடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் படித்தேன். பாடத்தின் கடைசியில் கட்டம் கட்டிச் சின்ன எழுத்தில், ருபெல்லா என்று ஒரு நோய் உண்டு, பிள்ளைகளுக்கு வந்தால் மூன்று நாள் தடிப்போடு போய்விடும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்குத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் சிசுவின் காதையும் கண்ணையும் இதயத்தையும் கெடுத்துவிடும் என்று போட்டிருந்தது. டுக்டுகியின் காதுக்குப் பின்னாலிருந்த நெறி, சித்தியின் கழுத்திலிருந்த வேர்க்குரு, எதிர்வீட்டு பௌதி கிளம்பிப் போனது எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இருந்தன. எந்த மூன்று மாதம் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று எங்கள் வீட்டில் வாயைக் கட்டினார்களோ, அதே மூன்று மாதம்தான். நானும் புத்தகத்தை மூடிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்ததற்கு ஈடாக வேறொரு வேலை செய்தேன். பவானிபூரில் மீனு படித்த காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்கு சனிக்கிழமைதோறும் அவளோடு போய் அவர்களுடைய சைகைகளைக் கற்றுக்கொண்டேன். வீட்டில் மீனு சொல்வதை எல்லோருக்கும், எல்லோரும் சொல்வதை மீனுவுக்கும் எடுத்துச் சொல்லும் ஆளாக நான் ஆனேன். அக்கா தங்கச்சி பாசம் என்று எல்லோரும் புகழ்வார்கள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பயமும் கூட இருந்தது.

இப்போது அந்தச் சந்தில் எங்கள் வீடு இல்லை, ஐந்து மாடி எழும்பிவிட்டது. டுக்டுகி எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. அந்தத் தடிப்பும் அனேகமாகக் கண்ணில் படுவதில்லை. போன மாதம் என் மகள் படிக்கும் பள்ளியிலேயே வரிசையில் நிறுத்தி ஊசி போட்டுவிட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் அந்த நோயின் பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். 'முழுகாம' என்ற சொல் என் மகளுக்குத் தெரியாது. எட்டு வயதில் 'ப்ரெக்னன்ட்' என்று சாதாரணமாகச் சொல்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சால்ட் லேக்கில் சித்தி வீட்டுக்குப் போனேன். மீனுவுக்கு செக்டர் ஃபைவில் வேலை, அவளும் சித்தியும் சேர்ந்து இருக்கிறார்கள். சித்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தீதி என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், பத்தாம் வகுப்பில் என்ன படித்தேன், எதையும் விடவில்லை. சரியாகச் சொல்லியிருந்தாலும் தொற்றியிருக்கலாம், அது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவேண்டும் போலிருந்தது என்றேன்.

சித்தி கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"எனக்கு அப்பமே தெரியும்ட்டி" என்றாள். "நீ ஸ்நானம்னு சொன்ன. தீவாளிக்குக் கங்கா ஸ்நானம் ஆச்சான்னு ஊர்ல கேப்போம்லா, அந்தச் சொல்லு. புள்ள தப்பா சொல்லுதுன்னு எனக்கு வெளங்கிட்டு. ஒங்கம்மா யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லிருக்காவளே, வாய்தவறி சொல்லிட்டமேன்னு பயந்துக்கிட்டு நின்னேன். அவ சிரிச்சுட்டுப் போயிட்டா. நல்ல வேளன்னு நெனச்சேன்ட்டி கோமு. நல்ல வேளன்னு."

இத்தனை வருஷம் ஒரே தவற்றை நான் என் மனதுக்குள்ளும் அவள் தன் மனதுக்குள்ளுமாக வைத்துக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பிள்ளையை வளர்த்திருக்கிறோம். சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அப்போது மீனு உள்ளேயிருந்து வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன என்று கையால் கேட்டாள். சித்தி கையை உதறி, பழைய கதை என்று காட்டினாள். மீனு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. முகம் பார்த்தே வளர்ந்தவளிடம் அப்படியெல்லாம் தப்பிக்க முடியாது. ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு, என் இரண்டு கைகளும் நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.