கால் வந்தால் கட்டாகும் மோடம்

என் மகள் பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மோடத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்போது ஜவ்வாது மலைமேல், சாமையும் புளியும் கொள்முதல் செய்யும் ஒரு சங்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். செல்போனுக்கு டவர் கிடையாது. ஆபீசுக்கு ஒரே டெலிபோன். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு டயல்-அப் மோடம். கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக இணைப்பைப் பிடிக்கும். பிடித்துவிட்டால் மழையானாலும் காற்றானாலும் விடாது. வியாதி ஒன்றே ஒன்றுதான். வெளியிலிருந்து யாராவது போன் செய்தால், கால் வெயிட்டிங் சத்தம் கேட்டதுமே பட்டென்று இணைப்பை விட்டுவிடும். பாதி போன ரிப்போர்ட்டை முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அந்தக் கால் வெயிட்டிங்கை எடுத்துவிடச் சொல்லி லைன்மேனிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். "நாளைக்கு வர்றேன் சார்" என்பார். வரமாட்டார்.

மனைவி இரண்டாவது பிரசவத்துக்குக் கலசப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் பிள்ளை பிறந்தபோது நான் மலையிலேயே மாட்டிக்கொண்டு மறுநாள்தான் போய்ப் பார்த்தேன். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவேயில்லை.

"இந்தத் தடவையாவது பக்கத்துல இருக்கணும். வலி வந்தா போன் பண்ணச் சொல்றேன். அந்தப் பொட்டி கத்திக்கினு இருந்தா எப்படிங்க போன் வரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். போன் வந்தால் அது தானே விட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியாது.

நல்லவேளை, பிராட்பேண்ட் வந்தது. நெட்டும் ஓடும், போனும் அடிக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. மோடத்தைக் கழற்றி டிராயரில் போட்டேன். நாலு நாள் ஜோராக ஓடிய பிராட்பேண்ட், ஓர் இடிமழைக்குப் படுத்துக்கொண்டது. போன் மட்டும் வேலை செய்தது. அன்று மாதக் கடைசி. ரிப்போர்ட் போகாவிட்டால் மேலதிகாரி உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பிரசவத்துக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று பழைய மோடத்தையே எடுத்து மாட்டினேன்.

முக்கால்வாசி போயிருக்கும். பட்டென்று விட்டது. "சனியனே!" என்று கத்தி வாய் மூடவில்லை, போன் அடித்தது. மனைவியின் தம்பி.

"மாமா, அக்காவுக்கு வலி வந்துட்ச்சி. ஒடனே கெளம்பி வாங்க."

ரிப்போர்ட் கிடக்கட்டும் என்று ஓடினேன். கீழே போகிற கடைசி ஜீப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பிரசவ அறைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதே, அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"இன்னாங்க, வேலையெல்லாம் முடிஞ்சிட்ச்சா?"

"எங்க முடிஞ்சிது? போன் வந்ததும் அந்தப் பொட்டி பாதியில விட்டுட்ச்சி."

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த வலியிலும் சிரித்தாள்.

"அதுக்காவது புத்தி இருக்குதே."