மண்டபத்துக் கூரையில் பட்டு வந்த குரல்

மதியச் சோதனைக்காகக் காலையிலிருந்தே காத்திருப்பேன். சிரிக்காதீர்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இராஜாக்கமங்கலம் வீட்டில் நான் ஒருத்திதான். அண்ணன் துபாயில் இருக்கிறான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று பெங்களூர் கம்பெனி சொன்னதால் இங்கேயே தங்கிவிட்டேன். பகல் முழுக்க வீட்டில் சத்தம் போடுவது மிக்சியும் தண்ணீர் மோட்டாரும்தான். மதியம் மட்டும் ஒரு மனுஷியின் குரல் வரும்.

அவள் என்னோடு வேலை பார்ப்பவள். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மேட்டுமேல் வீடு. அவள் மொட்டைமாடியிலும் என் மொட்டைமாடியிலும் ஆளுக்கொரு ரேடியோ பெட்டி. அவள் அனுப்புவதை என் ரிசீவர் பிழையில்லாமல் வாங்க வேண்டும். அதற்கான புரோகிராம் என்னுடையது. சோதனை ஓடி முடிந்ததும் அதே பெட்டிகளில் கொஞ்சம் பேசிப் பார்ப்போம். அதுவும் வேலைதான், ஆனாலும் கதையடிக்க நல்ல சாக்கு. மற்ற நேரத்தில் போன் போட்டால் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் குக்கரும் சேர்ந்து அவளைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

சோதனை தேறினால் பெட்டிகள் பெங்களூருக்குப் போய்விடும், அவளை வேறு வேலையில் போட்டுவிடுவார்கள். எனக்குத் தேறவும் வேண்டியிருந்தது, தேறாமல் இழுத்துக்கொண்டே போகவும் வேண்டியிருந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று குரல் உடைய ஆரம்பித்தது.

"ஏட்டி... க்கியா?"

"ஒண்ணும் கேக்கல்ல. இந்தச் சவத்தத் தூக்கிக் கொளத்துல போடணும்" என்று நான் கத்தினேன்.

கடைசியில் போனில்தான் கூப்பிட்டாள். பின்னால் சின்னவன் அழுதுகொண்டிருந்தான். உடனே வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

சிக்கல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பெட்டி செய்தியைப் பல மெல்லிய அலைவரிசைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும். அது துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு எங்கே தொடங்குகிறது என்று ரிசீவர் தானே கண்டுபிடித்து அங்கே வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் வாலையும் நகலெடுத்து அதன் தலையில் ஒட்டி அனுப்புவோம். அதனால் கொஞ்சம் முந்தி வெட்டினால் பாதகமில்லை. பிந்தி வெட்டினால் அடுத்த துண்டின் தலையும் உள்ளே வந்துவிடும், எல்லாம் குழம்பிப்போகும். என் ரிசீவர் பிந்தித்தான் வெட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை. பெட்டியைக் கழற்றினேன், ஒயரை மாற்றினேன், பெங்களூர்க்காரர்களோடு சண்டை போட்டேன்.

ஒரு நாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். வயலுக்கு அந்தப் பக்கமிருந்து வெளிச்சம் பளீரென்று கண்ணில் அடித்தது. புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் தகரக் கூரை! போன வாரம்தான் ஷீட் போட்டிருந்தார்கள். அட கடவுளே என்று துணியை அங்கேயே போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அவள் அனுப்பும் சிக்னல் தென்னந்தோப்புக்குள் புகுந்து மெலிந்து முதலில் வருகிறது. அதே சிக்னல் தகரத்தில் பட்டு, பிந்தினாலும் பலமாக வருகிறது. பலமாக வருவதுதான் முதலில் வந்தது என்று புரோகிராமில் எழுதி வைத்திருந்தேன். எந்த மடச்சி அப்படி எழுதுவாள்? நான்தான். பலமானதைக் கண்டதும் நிற்காமல் அதற்கு முன்னால் மெலிந்த ஒன்று வந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கும்படி மாற்றினேன்.

மறுநாள் சோதனையில் பிழையே இல்லை. அவள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தது. காரணத்தைச் சொன்னேன்.

"கல்யாண மண்டபமா? ஒனக்கும் அதுக்கும் ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் கடித்துக் குதறியிருப்பேன்.

"அப்போ நாளைக்கே பெட்டியக் கெட்டி அனுப்பிரட்டுமா ஏட்டி?"

"அனுப்பு."

"ஒரு நாள் வீட்டுக்கு வா, கேட்டியா? மீன் கொழம்பு வச்சுத் தாறேன்."

"வாறேன்."

"வேற என்ன?"

வேறு என்ன இருக்கிறது? "ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் பெட்டியை அணைத்தாள்.

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள். இந்தக் கோளாறு மறுபடியும் வர வாய்ப்பு உண்டா என்று ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். இனி வராது என்று பதில் எழுதி அனுப்பினேன். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.