கழுத்துக்கு எட்டாத மை

டோர்ட்மண்ட் அகதி விடுதியில் ஒருநாள், தேவாலயத்துப் பெண்மணி ஒருவர் பழைய ஊமைப்படம் போட்டுக் காட்டினார். காதல் நகைச்சுவை, மொழியே தேவையில்லையாம்.

காதலர்கள் வெள்ளை. அவர்களுக்குச் சூப் கொண்டுவந்து வழுக்கி விழுந்த பணியாள் மட்டும் கறுப்பு. அவன் விழுந்தபோது அவனது வெள்ளைக் கழுத்தைப் பார்த்தோம். முகத்தில் பூசிய மை அங்கே எட்டவில்லை.

எங்கள் யாருக்கும் வேலை செய்ய அனுமதி இல்லாத காலம் அது.

படம் எப்படி என்று பெண்மணி கேட்டார். கொஞ்சம் ஜெர்மன் தெரிந்த நான் மொழிபெயர்த்தேன்.

என் அறையிலிருந்த அண்ணை சொன்னார்: "படத்தில கறுப்பனுக்கு இருந்தது ஒரு வேலை. அதையும் வெள்ளைக்காரனுக்குக் குடுத்திட்டினம். அவவுக்கு அப்பிடியே சொல்லும்."

என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை.

"நன்றாகச் சிரித்தாராம்" என்றேன்.