பாய்லருக்கு வைத்த பொட்டு

எங்கள் நியூ ஜெர்சி வீடு பழைய வீடு. பேஸ்மென்ட்டில் ஒரு பாய்லர். அது சுடவைக்கும் தண்ணீர் குழாய் வழியாக அறை அறையாகச் சுற்றி வந்தால்தான் குளிர்காலத்தில் அங்கே குடியிருக்க முடியும். தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் எல்லாம் நின்றுவிடும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டது என் கணவர். எனக்குத் தெர்மோஸ்டாட்டைத் திருப்பத் தெரியும், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தால் அந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. கார், லேப்டாப், மிக்ஸி என்று ஆரம்பித்து பேஸ்மென்ட்டில் போய்த்தான் முடிப்பார். பாய்லரின் உடம்பு முழுக்க இடம் இருக்க, அழுத்தம் காட்டும் வட்டக் கண்ணாடியின் மேல்தான் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைப்பார்.

"முள்ளையே மறைச்சுட்டீங்க, நம்பர் எப்படித் தெரியும்?" என்று கத்துவேன்.

"மூஞ்சி மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான்மா. பொட்டை வேற எங்க வெக்கறது?" என்பார். பெரிய இன்ஜினியர்! தேவைப்பட்டால் ஓரமாகக் கண்ணை வைத்து முள்ளைப் பார்த்துக்கொள்வார். அடுத்த வருஷப் பூஜைக்குத்தான் பழையதைத் துடைத்துப் புதிதாக வைப்பார்.

போன ஏப்ரலில் அவர் போய்விட்டார். காலையில் ஆபீஸ் போனவர். ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் வந்தது. வருஷம் திரும்பாத வீடு என்பதால் இந்த அக்டோபரில் பூஜை இல்லை. பாய்லரில் அவர் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. துணி துவைக்கக் கீழே போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

என் நெற்றியைப் பற்றி நாத்தனார் ஒருமுறை வீடியோ காலில் எதையோ ஆரம்பித்தார். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத என் மகள் போனைப் பிடுங்கி, "அத்தை, நோ" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தச் சடங்கிலிருந்து தப்பித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் லீவுக்கு மகள் காலேஜிலிருந்து வந்திருந்தபோது, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் ஜில்லிட்டுப் போயின. ரிப்பேர்காரர் லீவு முடிந்துதான் வருவாராம். வெளியே உறையும் குளிர். குழாய் உறைந்து வெடித்தால் வீடே வெள்ளக்காடாகிவிடும். மகள் மேனுவலைப் போனில் தேடிப் படித்தாள். அழுத்தம் குறைந்திருந்தால் முள் பன்னிரண்டுக்கு வரும்வரை தண்ணீர் விட வேண்டுமாம். பாய்லரை அணைத்து ஆறவிட்டோம். அவள் டார்ச் அடித்து ஓரமாகவும் பார்த்தாள்.

"அம்மா, ஐ கான்ட் ஸீ த நீடில். ஜஸ்ட் வைப் இட்."

"இரு."

"ஃபார் வாட்?"

அவருடைய சட்டைகளைக்கூடத் துவைத்து மடித்துக் கொடுத்தாகிவிட்டது. அவர் கை பட்டபடியே இந்த வீட்டில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். மகள் அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றாள்.

"போட்டோவை வெச்சுக்கிட்டு என்னடி பண்றது?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கும் அப்பாதானே.

முள் தெரியாமல் தண்ணீரைத் திறந்தால் அழுத்தம் எகிறிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். விரலை நனைத்துக் கண்ணாடியில் வைத்தேன். காய்ந்த சந்தனம் ஊறிக் கலங்கி, சிவப்பாக வழிந்தது. என் நெற்றியில் யாரும் செய்யத் துணியாததை அங்கே என் கையாலேயே செய்தேன். வாய்விட்டு அழுதேன். அவள் டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முள் பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடந்தது. குழாயிலிருந்த வால்வை மெல்லத் திறந்தேன். தண்ணீர் இரைந்துகொண்டு உள்ளே போயிற்று. முள் பன்னிரண்டுக்கு ஏறியதும் மூடிவிட்டு பாய்லரைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் மேலே ரேடியேட்டர்கள் டிக் டிக்கென்று சூடேறத் தொடங்கின.

மகள் மாடிக்குப் போய்ப் பூஜை ஷெல்ஃபிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்துவந்து நீட்டினாள். "புட் இட் பேக், அம்மா."

"வருஷம் திரும்பட்டும். நீயே வை," என்றேன்.

சிவந்த விரலைக் கழுவ மனமே வரவில்லை. குழந்தை பசியோடு இருந்தாள், சாதம் வைக்க வேண்டும். கழுவினேன்.